சுவரில் பட்ட மஞ்சள்

மழைக்காலத்தில் அட்டைகளை எங்கே காயவைப்பது என்பதுதான் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு. தாராவியில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. சமையலும் அதில்தான், படுக்கையும் அதில்தான். தரையில் பரப்பினால் கால் வைக்க இடமிருக்காது. கடைசியில் அக்கா சுவரோரமாக நூல் கட்டி, துணி காயப்போடுவதுபோல அட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டாள்.

கல்யாணத் தாம்பூலப் பையில் கட்டும் சின்ன அட்டைகள் அவை. சந்தன நிறக் காகிதத்தை விரல் நீளத்துக்கு வெட்டி, மேலே துளை போட்டு, காகிதத்தையே சுருட்டிச் செய்த தாமரை மொட்டை நடுவில் ஒட்டுவாள். பிறகு கீழ் மூலையில் ஈர மஞ்சளை விரலால் தொட்டு வைப்பாள். பத்திரிகையின் மூலையில் மஞ்சள் தடவுவது எல்லோரும் செய்கிற காரியம். அதை அட்டையிலும் வைக்கலாம் என்று தோன்றியது அவளுக்குத்தான். கிங்ஸ் சர்க்கிளில் கல்யாணப் பை விற்கும் அண்ணாச்சி, அவள் மாதிரிக்குக் கொண்டுபோன அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த மஞ்சளுக்காகவே ஆர்டர் கொடுத்தார். “இது ஒழுங்கா வந்தா மேல பாப்போம்” என்று ஒரு வார்த்தையும் சொல்லியிருந்தார்.

அந்த ஒரு வார்த்தையை நம்பி அக்கா பட்டறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். எட்டாவதோடு படிப்பை விட்டுத் தோல்பை பட்டறையில் சேர்ந்தவள். பசைச் சொல்யூஷன் வாடையில் அவளுக்கு இருமல் நின்றதே இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவன் நான் ஒருவன். மிதித்தது அவள் இருமலின் மேல் என்று எனக்குத் தெரியும்.

அட்டை கொடுக்க வேண்டிய நாள் காலையில் அம்மா விளக்கைப் போட்டாள். அட்டைகளின் பக்கம் போனாள். பிறகு மெதுவாக, “ஏட்டி, எந்திரி” என்றாள்.

அட்டைகளின் மூலைகள் சிவந்திருந்தன. எல்லாமும் ஒரேபோல அல்ல. சிலவற்றில் ஒரு பொட்டு, சிலவற்றில் பாதி மஞ்சள் பாதி சிவப்பு, சிலவற்றில் அடிபட்ட காயம்போல ஒரு திட்டு.

ஏதோ பூச்சி நசுங்கியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அம்மா சுவரில் கையை வைத்துப் பார்த்தாள். உள்ளங்கை வெள்ளையாக வந்தது. நல்ல காரியத்துக்கு வேலை நடக்கிற வீடு இருட்டடித்துக் கிடக்கக் கூடாது என்று போன வாரம் அவளே வாளியில் சுண்ணாம்பு கரைத்து அந்தச் சுவரை அடித்திருந்தாள். ஈரக்காற்றில் அது காயவே இல்லை. மின்விசிறிக் காற்றில் ஆடி ஆடி அட்டைகள் சுவரில் உரசியிருக்கின்றன.

மஞ்சள் காகிதம் சோப்புத் தண்ணீரில் சிவப்பதைப் பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்து மார்க்கும் வாங்கியவன் நான். எத்தனையோ கல்யாணத்துக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து ஆரத்தி கரைத்தவள் அம்மா. இரண்டு பேருக்கும் முந்தின நாள் அது நினைவில் வரவில்லை.

“நானே எம் பிள்ள சோத்துல மண்ண போட்டுட்டேனே” என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. காகிதக் கடை திறக்காது. மத்தியானத்துக்குள் அட்டை கடையில் இருக்க வேண்டும். சாயங்காலம் செம்பூரில் கல்யாண வரவேற்பு. நான் கத்தரிக்கோலை எடுத்தேன். “யக்கா, மூலைய மட்டும் சாய்ச்சு வெட்டிரலாம். டிசைன் மாதிரி இருக்கும்.”

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். “மூலை போன கடுதாசி எதுக்குல வரும்? சாவுக்கு வரும். அதக் கல்யாண வீட்டுக்கு அனுப்பச் சொல்லுதியா?”

அப்போது அக்காவின் போன் அடித்தது. பட்டறை முதலாளி. ஸ்பீக்கரில் போட்டாள். வேறொரு பெண் வேலை கேட்டு வந்திருக்கிறாள், நீ வருகிறாயா இல்லையா, இப்போதே சொல் என்று இந்தியில் கேட்டார். அக்கா அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தோபஹர் கோ போல்தி ஹூம், சேட்” என்று வைத்துவிட்டாள். மத்தியானம் சொல்கிறேன் என்று அவள் கேட்டு வாங்கிய அவகாசம் அது.

பிறகு அலமாரியிலிருந்து அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பியை எடுத்தாள்.

“என்ன செய்யப் போற?”

“எல்லாத்தையும் சிவப்பாக்கப் போறேன்.”

“அண்ணாச்சிக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டுச் செய்யேன்” என்றேன்.

“போன்ல கேட்டா வேண்டாம்பாவ. கையில வாங்கிப் பாத்தா யோசிப்பாவ. நீ நூல அவுரு.”

ஒரு மூலையில் தொட்டு வைத்தாள். மஞ்சள் எங்கள் கண்முன்னே சிவந்தது. இனித் திரும்ப முடியாது. அடுத்தது. அதற்கடுத்தது. பாதி வேலையில் சுண்ணாம்பு பட்டு அவள் விரல் நுனி பொத்துவிட்டது. விரலை மாற்றிக்கொண்டாள். காய்ந்தால் கறுத்துவிடுமோ என்று நான் விசிறியால் வீசிக்கொண்டும் முதல் அட்டையைப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். கறுக்கவில்லை. ஆனால் கறுக்காது என்று என்னால் சொல்லவும் முடியவில்லை.

எவர்சில்வர் தூக்கில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் பை சுற்றி, ரயில் பாதைக்கு மேலே போகும் நடைபாலம் ஏறி, கிங்ஸ் சர்க்கிள் இருக்கும் மாட்டுங்காவுக்குள் இறங்கினோம். மழை குடைக்குள்ளும் வந்தது. குடை தூக்குக்குத்தான்.

அண்ணாச்சி ஒரு அட்டையை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்தார்.

“மஞ்சள்லா சொன்னேன்?”

“சுவத்துச் சுண்ணாம்பு பட்டுட்டு, அண்ணாச்சி. பாதி சிவந்து போச்சு. மீதிய நாந்தான் சிவப்பாக்குனேன். ஆரத்திச் சிவப்புதான், வேற ஒண்ணும் சேக்கல.”

“உன் வீட்டுச் சுவத்துக்கு எங் கல்யாணந்தான் கெடச்சுதாக்கும்.” சிரித்தாரா என்று தெரியவில்லை. அட்டையைத் தன் வெள்ளைச் சட்டைக் கையில் அழுத்தித் தேய்த்தார். மெல்லிய சிவப்புக் கோடு விழுந்தது. “பட்டுச் சேலைல இப்பிடி ஒட்டுனா என்னைய உரிச்சுத் தொங்கவிட்டுருவாவ.”

“மஞ்சளும் ஒட்டத்தான் செய்யும்” என்றேன்.

“படிச்ச தம்பி சும்மா இரும்.”

படம் எடுத்துக் கல்யாணப் பெண்ணின் அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். பார்த்துவிட்டதற்கான நீலக்குறி விழுந்தது. பதில் வரவில்லை. பை வாங்க வந்த ஒரு குடும்பம் விலை பேசிவிட்டுப் போனது. அக்கா இருமலை அடக்கிக்கொண்டு நின்றாள். பொத்துப்போன விரலை முந்தானையில் சுற்றியிருந்தாள்.

போன் வந்தது. கடைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படியான குரல்.

“என்ன இது, யாரைக் கேட்டு மாத்தினேள்?”

“ஆரத்திக் கலர், மாமி. நெசமான மஞ்சளும் சுண்ணாம்பும். கலர்ப்பொடி கெடையாது.”

“அது தெரியறது. ஆரத்திய அட்டையில வைப்பாளோ யாராவது?” அந்தப் பக்கம் யாரிடமோ என்னவோ கேட்டார்கள். நாங்கள் மூவரும் போனைப் பார்த்துக்கொண்டு நின்றோம். “நன்னாத்தான் இருக்குன்னு பொண்ணு சொல்றா. ஆனா பைக்குள்ள விழாம கட்டுங்கோ. ரவிக்கைத் துணியில பட்டுடும். வெளில தொங்கட்டும். காம்பு மாதிரி நீளமா நூல் வேணும்.”

அண்ணாச்சி போனை வைத்தார். “கேட்டியா? நூல் நீளமா. இங்கனயே உக்காந்து கட்டு.” பை மூட்டையை எங்கள் முன்னால் தள்ளினார். சட்டைக் கையில் விழுந்த கோட்டை எச்சில் தொட்டுத் தேய்த்துக்கொண்டே, “அடுத்த தடவ இந்த வெளயாட்டெல்லாம் வேண்டாம், பாத்துக்கோ. மஞ்சள்னா மஞ்சள்” என்றார்.

அக்கா தலையாட்டினாள். தரையில் உட்கார்ந்து முதல் நூலைப் பையின் கைப்பிடியில் கோத்தாள். பிறகு என்னைப் பார்த்து, குரலை இறக்கி, “அடுத்த தடவன்னா சொன்னாவ?” என்று கேட்டாள்.

“ஆமா.”

பட்டறை முதலாளி மறுபடி கூப்பிட்டபோது அவள் இரண்டு கையிலும் நூல் இருந்தது. போனைக் காதருகே நான்தான் பிடித்தேன். “நஹி ஆவூங்கி, சேட்” என்றாள், இனி வரமாட்டேன் என்று. அவர் என்னவோ சொல்லிக்கொண்டிருக்கையிலேயே, “நூலப் பிடில” என்று என்னிடம் சொன்னாள்.