சங்கரன்கோவில் வெயிலில் ஓர் ஐவி

காதல் கல்யாணம் பண்ணிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போய்விட்ட மகளோடு என் மனைவி மூன்று வருஷம் பேசவில்லை. போன தை மாதம்தான் மனசு இளகி, இருவரும் பஸ் ஏறிப் போனோம். மகள் வீட்டுக் கருங்கல் சுவர் முழுக்க ஒரு கொடி. ஐவி என்றாள். தண்டிலிருந்து மயிர் மயிராக வேர் விட்டுக் கல்லைப் பற்றிக்கொண்டு கூரை வரை ஏறியிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல் அரைநாள் உட்கார்ந்திருந்த என் மனைவி, கிளம்பும்போது வாய் திறந்து கேட்டது அதைத்தான்.

"ஒரு கம்பு ஒடிச்சுத் தாயேன்."

ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்தே ஊர் கொண்டுவந்து சேர்த்தாள். தொட்டியில் நட்டது பிடித்துக்கொண்டது. மாசிக்குள் நாலு இலை புதிதாக விட்டது. ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோ காலில் வந்தால் என் மனைவி முதலில் தொட்டியைத்தான் காட்டுவாள். அதை வைத்துத்தான் இருவருக்கும் பேச்சே ஓடியது.

பங்குனி வெயிலில் இலையோரம் கருகியது. எங்கள் பக்கம் செடி வாடினாலும் முகம் வாடிவிட்டது என்றுதான் சொல்வோம். எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நிழலுக்கு மாற்றினேன், சுற்றி ஈரச்சாக்கு கட்டினேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன அண்ணாச்சி, மலைக்காரிக்கு ஒரு ஃபேன மாட்டிவிடுங்களேன்" என்றாள்.

என் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. நேரே கோவிலுக்குப் போய்ப் புற்றுமண் வாங்கிவந்தாள். புண், சிரங்கு என்றால் உடம்பில் குழைத்துப் பூசுகிற மண். அதைக் குழைத்துத் தொட்டி வாய் முழுக்க அப்பினாள். சாமி மண்ணை வேண்டாமென்று எந்த வாயால் சொல்ல? பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டே நாளில் அது ஓடு மாதிரி இறுகி, ஊற்றின தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தது. பயந்து பயந்து சுரண்டினேன். வேரும் கையோடு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் பிடித்திருந்தேன்.

"செடியக் காட்டும்மா."

"பட்டுப்போச்சுட்டி."

மகள் சிரித்துவிட்டாள். "அங்கன அடிக்கிற வெயிலுக்கு அது எப்படிம்மா நிக்கும்? குடுக்கும்போதே தெரியும். நீ ஆசையா கேட்டியா, இல்லன்னு சொல்ல வாய் வரல."

மனைவி என்னைப் பார்த்தாள். போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன்.

"அடுத்த மாசம் வந்தா இன்னொரு கம்பு தருவியா மக்கா?"

மகள் பின்னால், மாப்பிள்ளை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "நீங்க வர்றதப் பத்தி அவங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன்ம்மா."

"சரி, கேட்டுச் சொல்லு" என்றாள் என் மனைவி.