நெஞ்சில் மின்னிய புள்ளி

எண்பதுகளில் கோலாலம்பூர் மருத்துவமனை ஒன்றில் ஸ்கேன் எடுக்கும் வேலைக்கு நான் புதிது. கிள்ளானிலிருந்து ஓர் அக்கா, ஓயாமல் இருமும் கைக்குழந்தையோடு வந்தார். குடித்த பால் மேலேறி நுரையீரலுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத் துளி கதிரியக்க மருந்து கலந்த பாலைக் காலையில் புகட்டினோம். பால் சேரும் இடம் திரையில் மின்னும்.

மதியம் எடுத்த படத்தில் நெஞ்சின் வலப்பக்கம் ஒரு புள்ளி மின்னியது. டாக்டர் வரட்டும் என்று இருந்திருக்கலாம். கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் சொல்லிவிட்டேன்: “அக்கா, நுரையீரல்ல பால் இருக்கு. ஆபரேஷன் பண்ண வேண்டி வரலாம்.”

அவர் குழந்தையை வாரி எடுத்து, அழுதுகொண்டே அதன் நெஞ்சைத் தடவினார். தடவிய கை நின்றது.

“தம்பி, சட்டை ஏன் இங்க மொடமொடன்னு இருக்கு? காலையில சிந்தின பாலுல்ல இது!”

சிந்திய பாலிலும் அதே மருந்துதானே! சட்டையைக் கழற்றி, நெஞ்சைத் துடைத்து, மறுபடி எடுத்தேன். புள்ளி இல்லை.

“என் தப்புக்கா. மின்னினது சட்டையில இருந்த பால்தான்.”

“எனக்கு உயிரே போயிருச்சு தம்பி,” என்றார்.

படத்தைத் திருத்த முடிந்தது. அந்தச் சில நிமிடங்கள் அவர் பட்ட பயத்தை என்னால் திருப்பி வாங்கிக்கொள்ள முடியவில்லை.