அக்காவுக்குப் போட்ட பூஜ்யம்

அந்த மனிதரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது. மதராஸிலிருந்து வந்தவர். பிள்ளைகளின் மூளையை அளப்பவர் என்று வாத்தியார்கள் பயபக்தியோடு சொன்னார்கள். அறுபதுகளின் கடைசி அது. அக்கா ஐந்தாம் வகுப்பு, நான் மூன்றாம் வகுப்பு. செவிலிமேட்டுக்கு அப்பால் இருந்த எங்கள் சேரியிலிருந்து காஞ்சிபுரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போவோம்.

படிப்பு ஏறாத பிள்ளைகள் என்று தலைமையாசிரியர் அவருக்கு ஒரு பட்டியல் கொடுத்திருந்தார். ஆறு பேர். ஆறு பேரும் எங்கள் தெரு, அக்காவும் அதில் ஒருத்தி. தற்செயலாம்! அக்கா, பக்கத்தில் உட்கார்ந்த, வீட்டில் தெலுங்கு பேசும் நெசவாளர் பெண்ணோடு பேசிப் பேசியே ஒரு வருடத்தில் அந்த மொழியைக் கற்றவள். வகுப்பில் மட்டும் வாய் திறக்கமாட்டாள். திறந்தால் அவள் பேச்சைக் கேட்டு வாத்தியாரே சிரிப்பார்.

நான் அவளுக்காகக் கதவோரம் நின்றிருந்தேன். மதராஸ்காரர் அக்காவைக் கூப்பிட்டு, ஒரு அட்டையை எடுத்துக் கேட்டார்.

"வெயில்ல நடந்து வர்றே. தாகம். வழியில ஒரு வீடு இருக்கு. என்ன செய்வே?"

"வாசல்ல கை ஏந்திக்கினு நிப்பேன் சார். ஊத்துனா குடிப்பேன். இல்லாட்டி வந்துடுவேன்."

"கையிலயா? டம்ளர்ல கேட்டு வாங்கமாட்டியா?"

"எங்களுக்கு டம்ளர் குடுக்கமாட்டாங்க சார்."

பேனா சற்று நின்றது. அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பூஜ்யம் போட்டார். கதவோரத்திலிருந்தே தெரிந்தது, அவ்வளவு பெரிதாகப் போட்டார்.

தெரியாமல் போட்டிருந்தால் இந்த வயதிலாவது மன்னித்திருப்பேன். அவருக்குத் தெரியும். யாருக்கு எதில் தண்ணீர் கொடுப்பார்கள் என்று தெரியாமல் இந்த நாட்டில் யாரும் வளர்வதில்லை. அவர் வீட்டுக்கும் ஒரு வாசல் இருந்திருக்கும். ஆனால் அட்டையின் பின்னால் ஒரே ஒரு விடைதான் அச்சடித்திருந்தது.

மறுவாரம் தலைமையாசிரியர் அம்மாவை வரச்சொன்னார்.

"மந்த புத்தின்னு எழுதிக் குடுத்துட்டாரும்மா. ஆறாவதெல்லாம் வேணாம். ஏதாவது வேலை பழக்கு."

அம்மா சத்தம் போட்டு நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"எம் பொண்ணு உள்ளத சொல்லிச்சு. அது மந்தமா சார்? அந்த ஐயாவ எங்க தெருவுலேர்ந்து கிளம்பிப் போயி, ஊருக்குள்ள ஒரு வீட்டுல டம்ளர்ல தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வரச்சொல்லுங்க. அப்புறம் போடட்டும் முட்டை!"

பியூன் வந்து எங்களை வெளியே அனுப்பினான். அக்கா அம்மாவோடு கழனி வேலைக்குப் போக ஆரம்பித்தாள்.

அடுத்த வருடம் அதே மனிதர் வந்தார். இந்தமுறை பட்டியலில் நான். முந்தின நாள் அக்கா என்னை எதிரில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"'ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள்'னு கேப்பேன்னு சொல்லு. குடிச்சிட்டு நன்றி சொல்வேன்னும் சேத்துக்க. அவரு அட்டையில அப்பிடித்தான் இருக்குது."

அட்டையின் பின்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. அவர் முகத்தைப் பார்த்தே படித்திருந்தாள்.

அப்படியே ஒப்பித்தேன். அவர் என் முதுகில் தட்டி, கெட்டிக்காரி என்றார். என் படிப்பு தப்பித்தது.

அன்று சாயங்காலம் கழனியிலிருந்து வந்த அக்கா, கால்கூடக் கழுவாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேற என்னென்ன கேட்டாரு? ஒண்ணு விடாம சொல்லு."

ஒவ்வொரு கேள்வியாகச் சொன்னேன். நான் முடிக்குமுன் அவளே பதில் சொல்லிவிட்டு, "சரியா?" என்று என் முகத்தையே பார்த்தாள். பாதியில் எனக்கு அலுத்துவிட்டது. "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று எழுந்து விளையாட ஓடிவிட்டேன்.

அவள் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியவில்லை.