புளிசாதத்தில் தொடங்கிய படம்

அண்ணாமலையானைக் கும்பிடும் உங்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லியே ஆக வேண்டும். நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. பால்காரர் ஊற்றும் படியைக்கூட இரண்டு முறை எட்டிப் பார்ப்பேன். அப்படிப்பட்டவளுக்கு நடந்தது இது.

என் கணவர் பட்டாளத்தில் இருந்தார். எழுபத்தொன்றில் நடந்த சண்டைக்குப் பிறகு ஊர் திரும்பினார். கை கால் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். கூட்டத்துக்குள் வரமாட்டார். தீபத் திருநாளில் வேட்டுப் போடுவார்கள் என்று வருடா வருடம் அவரைச் செங்கத்தில் என் அக்கா வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவேன். உலகமே இங்கே வரும் நாளில் நாங்கள் மட்டும் ஊரை விட்டுப் போவோம். பத்து வருடம் இப்படி. "சாமி, இவரு ஒரு நாளாச்சும் ஜனங்க நடுவுல நிக்கணும்" என்று நான் அழாத பௌர்ணமி இல்லை.

அப்போதுதான் எதிர்வீட்டுக் குமார் வந்தான். சென்னையில் சினிமா படித்துக்கொண்டிருந்தான். படிப்பு முடிய ஒரு குறும்படம் எடுக்க வேண்டுமாம். சண்டையிலிருந்து திரும்பிய சிப்பாயின் கதையாம். எனக்குப் பகீரென்றது. என் வீட்டுக்காரரைப் பைத்தியமாகக் காட்டிக் கைதட்டு வாங்கப் பார்க்கிறான் என்று முடிவே கட்டிவிட்டேன். "இவனை என் வாசலாண்ட விடாதே" என்று சாமியிடம் இன்னொரு வேண்டுதலும் வைத்தேன்.

அவனோ தினமும் வந்தான். நான் அடுப்படியில் நின்று ஒட்டுக்கேட்பேன். ஒரு நாள் அவன் எழுதிக் கொண்டுவந்ததைப் படித்துவிட்டு, "சத்தம் கேட்டா ஓட மாட்டான்பா. அப்டியே குந்திடுவான்" என்றார் என் கணவர். பத்து வருடமாக என்னிடம் சொல்லாத பேச்சு. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் மளிகைக் கடையில் ஒரு ரசீதைப் பார்த்தேன். "குமார் வந்தாம்மா. பௌர்ணமி அன்னதானத்துக்குக் குடுத்தேன்" என்றார் கடைக்காரர். ரசீதின் தலையில் அண்ணாமலையார் படம். அடியில் பொடி எழுத்தில் 'மாணவர் குறும்படச் செலவுக்காக' என்று இருந்தது. பிடித்துவிட்டேன் திருடனை என்று ரசீதோடு வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே என் கணவரோடு உட்கார்ந்திருந்த குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. "சாமி படம் அச்சாபீஸ்ல வழக்கமா போடறதுதான், அக்கா. நீட்டினதும் அன்னதானம்னு நெனச்சு எல்லாரும் குடுத்துட்டாங்க. பிலிம் வாங்கற அவசரத்துல நானும் விளக்கிச் சொல்லல. தப்புதான்."

அது உண்மையாகவும் இருக்கலாம். பௌர்ணமி நெருக்கத்தில் இந்த ஊரில் யார் ரசீதைப் படிக்கிறார்கள்? நானே படித்ததில்லை. ஆனாலும் நான் விடவில்லை, கத்தினேன்.

என் கணவர் எழுந்தார். "சோத்துக்குன்னு குடுத்தாங்க. சோறு போட்டுடுவோம். நானும் வரேன்."

இவராவது வருவதாவது என்று நினைத்தேன். வந்தார். பௌர்ணமியன்று சாயங்காலம் அடி அண்ணாமலையில் புளிசாதம். கிரிவலம் வந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். அவர் கரண்டி பிடித்தார். குமார் தோளில் இரவல் கேமரா இருந்த பை தொங்கியது. என் கண்ணெல்லாம் அந்தப் பைமேல்தான்.

திடீரென்று ரோட்டில் ஒரு லாரியின் டயர் வெடித்தது. கரண்டி கீழே விழுந்தது. என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார். நான் அவரிடம்தானே ஓடியிருக்க வேண்டும்? பாவி, முதலில் குமாரைத்தான் திரும்பிப் பார்த்தேன்.

பை மூடியபடி மண்ணில் கிடந்தது. குமார் அவர் பக்கத்தில் புழுதியில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தான். "அண்ணே, லாரி டயருண்ணே. நான் இங்கதான் கீறேன்."

வரிசையில் இருந்த ஒரு அம்மா விஷயம் புரியாமல் இலையை நீட்டினார். "எழுந்து போடுப்பா, பசிக்குது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். மெல்ல எழுந்தார். கரண்டியைக் கழுவி, அந்த அம்மாவுக்குப் போட்டார். பாத்திரம் காலியாகும்வரை அங்கேயே நின்றார். நான் மலையைப் பார்த்து வாய்விட்டு அழுதேன்.

மறுநாள் குமார் மறுபடி கடைகளுக்குப் போனான். மளிகைக்காரர் கண்ணாடி போட்டு, கடைசி எழுத்துவரை படித்துவிட்டு, "இது சினிமாவுக்கு" என்று சொல்லியே கொடுத்தார். மற்றவர்களும் கொடுத்தார்கள். படம் முடிந்தது. அந்தக் கார்த்திகையில் நாங்கள் செங்கம் போகவில்லை. மொட்டை மாடியில் நின்றோம். வேட்டுச் சத்தம் கேட்டபோது என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இன்றும் நான் பால் படியை எட்டிப் பார்க்கிறவள்தான். ஆனால் என் இரண்டு வேண்டுதல்களில் எதைக் காதில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அண்ணாமலையானுக்குத் தெரிந்திருந்தது. உங்கள் குறையையும் அவனிடம் சொல்லிவிட்டு, அவன் போக்கில் விடுங்கள். யாரையும் நம்பாதவள் சொல்கிறேன், அவனை நம்புங்கள்.