எங்கள் வீட்டுக் கெடா

வெள்ளாட்டுக் கெடாவின் வாடையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க முடியாது. மூத்திரமும் மயிரும் வெயிலில் சேர்ந்து புளித்தது போன்ற அந்த நெடி, கயிறு பிடித்த உள்ளங்கையில் ஏறி, சீயக்காய் போட்டுக் கழுவினாலும் மறுநாள் சோற்றில் கை வைக்கும்போது எழுந்து வரும். திருமானூரிலிருந்து சற்று உள்ளே, கொள்ளிடக் கரையோரம் இருந்த எங்கள் ஊரில், கருப்புசாமி கோயில் பூசைக்கென வளர்க்கும் கெடாவுக்குத் தழை ஒடித்துப் போடுவதும் கயிறு பிடிப்பதும் வீட்டின் மூத்த பெண்ணான என் வேலை என்பதால், என் பத்து வயதின் வாசனை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கெடா கொட்டிலில் கட்டிக் கிடந்தாலும் அதன் பெயர் ஊர் முழுக்கத் திரிந்தது. அரும்பு மீசை விட்ட பையன் 'கெடா மாதிரி' வளர்ந்துவிட்டான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் 'கெடாப் பயலுவ'. காரணமில்லாமல் வம்புக்கு வருகிறவன் 'முட்டுக்கெடா'. எத்தனை திட்டினாலும் அசையாதவன் 'எருமக்கெடா'. பம்புசெட்டில் பெண்கள் குளிக்கும் நேரம் பார்த்து அந்தப் பக்கம் வேலை வைத்துக்கொள்கிறவனும் 'கெடா'தான், ஆனால் அவனைச் சொல்லும்போது மட்டும் அம்மா காறித் துப்புவாள். யாராவது புது வண்டி வாங்கினால், வழக்கில் ஜெயித்தால், 'எப்ப கெடா வெட்டுற?' என்பதே வாழ்த்து. என்னையும் விடவில்லை. பாவாடை குட்டையாகிப் போனதைப் பார்த்து, வளர்ந்த பசுங்கன்றைச் சொல்வதுபோல் 'கெடேரி கணக்கா நிக்கிறா பாரு' என்றார்கள்.

எங்கள் வீட்டில் கெடா என்றால் சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி. நிலைவாசலில் குனிந்துதான் நுழைவார். ரெட்டிபாளையம் பக்கம் லாரிக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போய், உடம்பெல்லாம் வெள்ளைப் பொடியோடு கடைசி பஸ்ஸில் வந்து இறங்குவார். கரும்புக் கொல்லையில் மடை திறக்க வேண்டுமா, வரப்புத் தகராறில் முன்னால் போய் நிற்க வேண்டுமா, 'டேய் கெடா' என்று அப்பா ஒரு குரல் கொடுத்தால் போதும். அப்பா பேசுவதற்கு முன்னால் கை ஓங்குகிறவர். மண்வெட்டிக் காம்பால் அவர் சித்தப்பாவை முதுகில் விளாசியதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு பெரிய உடம்பு அத்தனையையும் வாங்கிக்கொண்டு சும்மா நின்றது. பூசையன்று கெடா வெட்டும் அருவாளைப் பிடிக்கும் உரிமை மட்டும் சித்தப்பாவுடையது. தலை ஒரே வெட்டில் விழ வேண்டும், இல்லாவிட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பதால், உரிமை என்று சொல்லி அந்தப் பாரத்தையும் அவர் தலையிலேயே கட்டியிருந்தார்கள்.

வெட்டுவதற்கு முன் கெடா சம்மதிக்க வேண்டும் என்பது எங்கள் பங்காளிகளிடையே கறாரான வழக்கம். மாலை போட்டு, வேப்பிலை மிதக்கும் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றிவிட்டு எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பார்கள். கெடா தலையைச் சிலுப்பினால் சாமியின் உத்தரவு கிடைத்துவிட்டது, அருவாள் இறங்கலாம். சிலுப்பாமல் நின்றால் அந்த வீட்டில் ஏதோ பாவம் இருக்கிறது என்று பொருள்; முதல் வெட்டு அடுத்த பங்காளிக்குப் போய்விடும்.

அந்த வருடம் எங்கள் கெடா சிலுப்பவில்லை. சொம்பு சொம்பாக ஊற்றியும் கல்லாட்டம் நின்றது. பறைச் சத்தம் ஓங்க ஓங்க அப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த முறைக்காரர் வடக்கு வீட்டுப் பெரியப்பா. வரப்புத் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தவர். "சாமிக்கே தெரியுதுடா ஒங்க வூட்டு லச்சணம். கெடாவ ஓட்டிக்கிட்டுப் போங்கடா" என்று சொல்லி, என் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து இழுத்தார். நான் விடவில்லை. தள்ளினார். பலிக்கல்லில் நெற்றி மோதி, ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. ஒரு கண்ணால் நான் பார்த்தது இதுதான்: அப்பா, சித்தப்பாவின் கையிலிருந்து அருவாளைப் பறித்தார். "வேணாம்ணே, வேணாம்ணே" என்று சித்தப்பா பாய்ந்து அவரைக் கட்டிப் பிடிப்பதற்குள், அது பெரியப்பாவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இறங்கிவிட்டது. பீய்ச்சிய ரத்தம் அண்ணன் தம்பி இருவரையும் நனைத்து, கெடாவின் மாலையிலும் தெறித்தது. அருவாளை மறுபடி பிடுங்கியது சித்தப்பாதான்; இன்னொரு வெட்டு விழக்கூடாதே என்றுதான் பிடுங்கினார். அதற்குள் இரண்டு வீட்டு ஆட்களும் கம்பும் கல்லுமாக ஒருவர் மேல் ஒருவர் விழுந்திருந்தார்கள். பொங்கல் பானைகள் உடைந்தன, ஒருவனுடைய பல் என் காலருகில் வந்து விழுந்தது.

பெரியப்பாவைத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வேன் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டும் முன்பே உயிர் போய்விட்டது.

வருடா வருடம் அருவாளைப் பிடிக்கிறவர் சித்தப்பா. கூட்டம் திரும்பிப் பார்த்தபோதும் அது அவர் கையில்தான் இருந்தது. ஆகவே வெட்டியதும் அவர்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. பொழுது சாயும்போது எங்கள் கொல்லைப்புறத்தில் அடிபம்பின் கீழே அவர் குந்தியிருந்தார். அம்மா குடம் குடமாக ஊற்ற, தரையில் சிவப்பாக ஓடியது. அப்பா எதிரில் நின்றார்.

"நீ ஒண்டிக்கட்டடா. எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க. நான் உள்ள போயிட்டா இதுங்க கதி என்ன? எப்படியும் ஊரு ஒன்னயத்தான் சொல்லுது. சரின்னு சொல்லிரு."

"தம்பி, ஒங்க கால்ல வுழறேன் தம்பி" என்று அழுதபடியே அம்மா அடுத்த குடத்தை அவர் தலையில் கவிழ்த்தாள்.

தண்ணீர் முகத்தில் வழிந்து இறங்கியபோது சித்தப்பா தலையை ஒருமுறை உதறினார். முடியிலிருந்து தெறித்த துளிகள் என் பாவாடையில் விழுந்தன.

"சம்மதிச்சுட்டான்" என்றார் அப்பா. துண்டை எடுத்துக் கொடுத்து, ஸ்டேஷனுக்கு அவரே கூட்டிக்கொண்டு போனார். "அப்பாதானம்மா வெட்டுனாரு" என்று நான் சொன்னதற்கு அம்மா அறைந்த அறையில், கட்டுப் போட்ட நெற்றி மறுபடியும் பிளந்துகொண்டது.

அரியலூர் கோர்ட்டு, பிறகு திருச்சி ஜெயில். கிரிக்கெட்டில் தோற்றாலும் கட்சியில் பதவி போனாலும் பேப்பர்காரர்கள் 'பலிகடா' என்று எழுதும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சித்தப்பா திரும்பி வந்தபோது தலை முழுக்க நரைத்திருந்தது. முதுகு கூனிப்போய், நிலைவாசலில் குனியாமலே நுழைந்தார். அப்பாவின் மேல் எனக்கு அன்று வந்த வெறுப்பு இன்றுவரை ஆறவில்லை. அவர் போட்ட சோற்றில் வளர்ந்து, அவர் செய்து வைத்த கல்யாணத்தையும் செய்துகொண்டேன் என்பதுதான் அதில் பெரிய வயிற்றெரிச்சல்.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே கோயிலில் என் மகனுக்குக் காது குத்தினோம். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்துபோன அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். கெடாவுக்கு மாலை போட்டாயிற்று, பூசாரி சொம்பை எடுத்தார், ஆளாளுக்கு செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். அதுவரை தள்ளி நின்ற சித்தப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, கெடாவின் இரண்டு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டார். பூசாரி ஒன்றும் புரியாமல் ஊற்றினார். கெடா அசையவில்லை. இன்னொரு சொம்பு. அப்போதும் அசையவில்லை.

சித்தப்பா கைகளை எடுத்தார். காது மடலில் நின்ற தண்ணீர் உள்ளே இறங்கியது. கெடா தலையைச் சடசடவென்று சிலுப்பியது.

"காதுல தண்ணி போனா எதுதாண்ணே தலய ஆட்டாது?" என்றார், அப்பாவைப் பார்த்து.

அதட்டாமல், சாதாரணமாகத்தான் கேட்டார். அன்று யாரும் அருவாளைத் தொடவில்லை. டவுனிலிருந்து கோழி வாங்கி வந்து பந்தி போட்டோம்.

அந்த வழக்கம் அன்றோடு எங்கள் வீட்டில் நின்றுவிட்டது; கொட்டில் இருந்த இடத்தில் இப்போது பைக் நிற்கிறது. அப்பாவும் போய்விட்டார். என் மகன் நிலைவாசலில் தலை இடித்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்துவிட்டான். வருகிறவர்கள் அவனை அண்ணாந்து பார்த்து ஏதோ சொல்ல வாயெடுப்பார்கள், பின்னால் உட்கார்ந்திருக்கும் சித்தப்பாவைப் பார்த்துவிட்டு, "நல்லா வளந்துட்டான்" என்று நிறுத்திக்கொள்வார்கள்.