அக்கா கழுவி வைத்த இலுப்பைக் குத்தி

இராணுவத்தின் பிடியிலிருந்து காணி விடுபட்டு என் அக்கா மயிலிட்டிக்குத் திரும்பிப் போன முதல் மாரியில் தொடங்கியது இது. போரில் ஊரைவிட்டு ஓடியபோது அவள் பள்ளிக்கூடச் சட்டை போட்ட சிறுமி. திரும்பும்போது தலை நரைத்திருந்தது. உடுப்பிட்டியில் வாடகை வீடு மாறி மாறி ஆளும் களைத்திருந்தாள். வீடு இருந்த இடத்தில் கிணற்றுக்கட்டும் இரண்டு படிகளும் மட்டும் மிச்சம். மற்றதெல்லாம் பற்றை. ஆள் புழங்காத அத்தனை வருடங்களில் காரையும் ஈச்சையும் பூவரசும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்து ஒரு சின்னக் காடாகவே ஆகிவிட்டிருந்தன. பின்வளவில் எங்கள் இலுப்பை விழுந்து, உக்கி, குத்தி குத்தியாகத் துண்டுபட்டுக் கிடந்தது.

அந்த நாட்களில் ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள். வட்டுக்கோட்டைப் பக்கம். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பிக்கிறவள். விடுபட்ட காணிகளை வெட்டித் துப்புரவாக்குவதற்கு முன் அங்கே என்னென்ன முளைத்திருக்கின்றன என்று வளவு வளவாகப் பார்த்துத் திரிந்தாள். இலுப்பைக் குத்தி ஒன்றின் முன் குந்தினவள் கனநேரம் எழும்பவில்லை. போய்ப் பார்த்தேன். குத்தியின் பக்கவாட்டில் மூன்று நான்கு காளான்கள். சங்கின் உட்புற நிறம். காது வைத்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பவை போன்ற வடிவம். அவித்த பனங்கிழங்கின் மணம்.

“இதை நான் வேறெங்கையும் காணேல்லை அண்ணை. என்ரை பேராசிரியர் சேரும் கண்டிருக்க மாட்டார்” என்றாள். ஒரு சின்னத் துண்டு மட்டும் கிள்ளி எடுத்தாள். மிச்சத்தைத் தொட மனம் வரவில்லை. அடுத்த மாரியிலும் அது அதே இடத்தில் முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதுவரை அந்த மூலையை அப்படியே விட முடியுமா என்று கேட்டாள்.

சிக்கல் என்னவென்றால், புது வீடு கட்ட வந்த மேசன் குசினிக்குக் கயிறு கட்டியிருந்தது அதே மூலையில்தான்.

அக்கா கொதித்தாள். “இவ்வளவு காலமும் எங்களை உள்ளுக்கை விடேல்லை. இப்ப காளானுக்குக் காணி விடச் சொல்லுறியளோ?”

“ஒரு மாரிக்கு மட்டும் அன்ரி.”

“திண்டால் நல்லா இருக்குமோ?”

“தெரியாது. ஆனால் தின்ன விடமாட்டன்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாரடா தம்பி, என்ரை வளவிலை நிண்டுகொண்டு எனக்கே சட்டம் போடுறாள்” என்றவள், மேசனிடம் கயிற்றை மற்றப் பக்கம் இழுக்கச் சொன்னாள். அக்கினி மூலையை விட்டால் குசினி சரிவராது என்று அவர் தயங்கினார். “வீடே இல்லாமல் இவ்வளவு காலம் இருந்தனாங்கள். இனி மூலை ஒண்டுதான் குறை!” என்று சொல்லிவிட்டு அக்கா பிளேன்ரீ வைக்கக் கிணற்றடி அடுப்புக்குப் போனாள்.

அவள் போன அந்த இடைவெளியில்தான் அந்தப் பிள்ளை குத்தியை மெல்லத் தூக்கி எனக்கு அடிப்பக்கத்தைக் காட்டினாள். உக்கிய மரத்திலும் இலைச்சருகிலுமாக வெள்ளை வெள்ளையாய் மெல்லிய நூல்கள்.

“மேலை தெரியிறது பூ மாதிரி அண்ணை. உண்மையான ஆள் இதுதான். இது போச்செண்டால் எல்லாம் போச்சு.”

எனக்குக் கரையில் காயப்போட்ட வலை நினைவுக்கு வந்தது. அந்த உவமை பிடித்துப்போய், அதைத் தடவித் தடவி உடுப்பிட்டிவரை பஸ்ஸில் கொண்டுபோனேன். ஆனால் அன்று தேநீரோடு வந்த அக்காவிடம் அந்த நூல்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கதை சீனிக்கும் மழைக்கும் போய்விட்டது.

அந்த வருடம் முழுக்க அக்கா அந்த மூலைக்குக் காவல் இருந்தாள். ஆடு மாடு போகாமல் முள்ளு வெட்டிப் போட்டாள். விறகு பொறுக்க வந்தவர்களோடு சண்டை பிடித்தாள். “எப்பிடி உங்கடை ஆள்?” என்று போனில் கேட்பேன். “நித்திரை. மழை வரட்டும்” என்பாள்.

மழை வந்தது. ஒரு விடியற்காலை போன் அடித்தது. “டேய், வந்திட்டினம்! போனமுறையைவிடக் கனபேர்!” மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதுபோல் அவள் குரலில் அப்படி ஒரு பதற்றம். அந்தப் பிள்ளைக்கும் சொல்லியாயிற்று. கண்டிப் பக்கத்திலிருந்து தன் பேராசிரியரைச் சனிக்கிழமை கூட்டிவருவதாக அவள் சொன்னாளாம்.

சனிக்கிழமை அந்தப் பிள்ளையும் பேராசிரியரும் நானும் ஒன்றாகத்தான் படலையைத் திறந்தோம். வளவு பளபளவென்று கிடந்தது. ஈர மண்ணில் விளக்குமாற்றின் கோடுகள். மஞ்சள் தண்ணீர் தெளித்த மணம், புதுக் குசினியிலிருந்து வடை மணம். வாசற்படிக்குப் பக்கத்தில், இரண்டு கல்லை வைத்து அதன்மேல், அந்த இலுப்பைக் குத்தி.

அக்கா ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “சேர் வயசான மனிசன், அந்த முள்ளுக்குள்ளை குனிய ஏலுமே? அதுதான் அலவாங்காலை நெம்பி இஞ்சாலை கொண்டந்து வைச்சனான். அடியிலை ஒரே பூஞ்சணம் பிள்ளை. தேங்காய்த் தும்பாலை தேய்ச்சுக் கழுவிப்போட்டன். பூவிலை கை கூடப் படேல்லை.”

காளான்கள் இளஞ்சிவப்பாய் அப்படியே நின்றன. அந்தப் பிள்ளை முழங்காலில் இருந்து குத்தியின் அடியைப் பார்த்தாள். சுத்தமான மரம். எழும்பிப் பின்வளவுக்கு நடந்தாள். நானும் போனேன். சருகெல்லாம் கூட்டி எரித்து, சாம்பலின் மேலும் மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது.

திரும்பி வந்தபோது பேராசிரியர் படியில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். அவருக்கும் விளங்கியிருந்தது. “நல்ல வடை” என்று தடக்கித் தடக்கித் தமிழில் சொல்லி இன்னொன்றை எடுத்தார். அக்கா அவர் முகத்தையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“என்ன பிள்ளை, ஏதும் பிழை விட்டிட்டனோ?”

“உங்களிலை பிழை இல்லை அன்ரி. நான்தான் உங்களுக்குச் சொல்லேல்லை.”

சொல்லியிருக்கவேண்டிய மற்ற ஆளான நான் படலையடிக்கு நழுவி, பனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அவள் அக்காவைப் பக்கத்தில் இருத்தி, அந்த வெள்ளை நூல்களைப் பற்றி ஆறுதலாகச் சொன்னாள். அக்கா அழவில்லை. எழும்பி, பக்கத்து வெறும் வளவுக்குப் போய், சீலைத் தலைப்பு நிறைய ஈரச்சருகு அள்ளிவந்தாள். காளான்களைப் பேராசிரியர் கவனமாகப் பெட்டிக்குள் வைத்தார். குத்தியை நால்வருமாகத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்து, சருகால் மூடினோம். “உவையைக் கொண்டு புது இனமெண்டு பேராவது வைக்கலாம்” என்று அந்தப் பிள்ளை பெட்டியைக் காட்டிச் சொன்னாள். பேருக்குரிய உயிர் இனி முளைக்குமா என்று கேட்டதற்கு, இன்னொரு பிடி சருகை அள்ளிக் குத்தியின்மேல் போட்டாள்.

போன மாரி ஒன்றும் வரவில்லை. இந்த மாரியும் இல்லை. சுற்றிவர எல்லாக் காணிகளும் துப்புரவாகிவிட்டன; வேறெங்கே தேடுவது? அக்காவின் குசினி இன்னும் மற்றப் பக்கத்தில்தான் புகைகிறது. மழை விட்டதும் குடையோடு போய்க் குனிந்து பார்த்துவிட்டு வருகிறாள். போன கிழமை, கால் தடக்குகிறதே என்று நான் அந்தச் சருகை ஒதுக்கப் பார்க்க, அக்கா பாய்ந்து வந்து கையைப் பிடித்தாள். “விடடா. உள்ளுக்கை ஆள் படுத்திருந்தால்?”

அன்று அந்தத் தேநீர் வரும்வரை பொறுத்திருந்து, குத்தியைப் புரட்டி அவளுக்கும் ஒருதரம் காட்டியிருக்கலாமே என்ற நினைப்பு மட்டும், மழை விழுந்த ஒவ்வொரு காலையும் தவறாமல் எனக்குள் முளைக்கிறது.