முத்துக்காளை கீதாரியின் அறுபத்திரண்டு ஆடுகள்

பிஷ்கெக் நகரத்தின் தெற்கு எல்லையில் நான் ஒரு தமிழ் மெஸ் நடத்துகிறேன். காய்கறி வாங்கிக்கொண்டு நான் திரும்பும் பஸ் வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் அடிக்கடி நடுரோட்டில் நின்றுவிடும். ஆடுகள் கடந்துகொண்டிருக்கும். முதல் முறை அப்படி நின்றபோது, யாராவது ஒருவர் கெட்ட வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கி, குதிரை மேல் இருந்த மேய்ப்பனிடம் மலையில் புல் எப்படி இருக்கிறது என்று கேட்டார். எனக்குப் பின்னால் கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர் எழுந்து நின்று ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்தார், கல்யாண ஊர்வலத்தைப் பார்ப்பதுபோல. எனக்கு நெஞ்சில் ஏதோ எரிந்தது. சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன்.

ஏனென்றால் சாத்தூர் ரோட்டில் எங்கள் ஆடுகள் கடந்தபோது எங்களுக்குக் கிடைத்தது வேறு. லாரிக்காரர்கள் ஹாரனை அழுத்திய கையை எடுக்க மாட்டார்கள். என் அப்பா முத்துக்காளை ராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரி, அதாவது நாலைந்து குடும்பத்து மந்தைகளை ஒன்றாக ஓட்டிப்போகும் தலைவர். அங்கே அறுவடை முடிந்ததும் மேற்கே நடப்போம். அருப்புக்கோட்டை, சாத்தூர், சிவகாசி வரை கரிசல் காட்டில் ஊர் ஊராகக் கிடை போடுவோம். பகலில் மேய்த்துவிட்டு, சாயங்காலம் பயிர் வைக்கிற சம்சாரியின் நிலத்தில் ஆடுகளை அடைப்போம். புழுக்கையும் மூத்திரமும் அந்த நிலத்துக்கு உரம். சம்சாரி தருகிற தானியம் எங்களுக்குச் சோறு. கம்பங்கூழ், ஆட்டுப்பால், செத்த ஆட்டின் கறியைக் கீறி உப்புப்போட்டுக் காயவைத்த உப்புக்கண்டம். இதுதான் நாங்கள் தின்றது. எங்கள் நடையால் விளைந்ததை ஊர் தின்றது. ஆனாலும் ஊருக்கு நாங்கள் வந்தேறிகள். வெள்ளைக்காரர்கள் காலத்தில் ஊர் ஊராகத் திரிந்தவர்களில் பல கூட்டத்தாரைக் குற்றப் பரம்பரை என்று சட்டம்போட்டு எழுதினார்கள். எங்களை அப்படி எழுதவில்லை. ஆனாலும் ஊரில் ஒரு கோழி காணாமல் போனால் முதலில் எங்கள் சட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள்.

எனக்குப் பதின்மூன்று வயது நடந்தபோது, அச்சங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், ராமசுப்பு என்பவரின் புஞ்சையில் கிடை போட்டோம். அவர் நிலக்காரர். அந்த வருடம்தான் நிலத்தின் ஒரு மூலையில் சின்னதாகப் பட்டாசு கம்பெனியும் ஆரம்பித்திருந்தார். ஆடுகளுக்குத் தண்ணீர் எங்கே என்று அப்பா கேட்டபோது, கம்பெனிக்குப் பின்னால் இருந்த பள்ளத்தை அவரே கையை நீட்டிக் காட்டினார். மறுநாள் காலையில் ஆடுகள் வாயில் நுரை தள்ளிப் பின்னங்கால்கள் விறைத்து விழுந்தன. மதியத்துக்குள் அறுபத்திரண்டு. அப்பா ஒவ்வொன்றின் வாயையும் திறந்து நாட்டுச் சர்க்கரைக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்தார். கடைசி ஆட்டுக்கு ஊற்றும்போது அவருக்கும் தெரியும், அது செத்துவிட்டது என்று.

"முதலாளி, அந்தப் பள்ளத்துத் தண்ணியில என்னமோ இருக்கு" என்றார் அப்பா.

"யாருலே உன்னைய அங்கன தண்ணி காட்டச் சொன்னது?" என்றார் ராமசுப்பு.

கம்பெனிக்கு லைசென்ஸ் வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. விஷயம் வெளியே போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். ஆள் வைத்து ஆடுகளைக் குழி வெட்டிப் புதைத்தார். ஒரு தாள் கொண்டுவரச் சொல்லி, அப்பாவின் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தி அதில் வைத்தார்கள். ஆடுகள் நோயில் செத்தன என்று அதில் எழுதியிருந்ததை நான்தான் வாசித்து அப்பாவிடம் சொன்னேன். அப்போது ரேகை காய்ந்துவிட்டிருந்தது. அந்தத் தாள் எங்களுக்கு முன்னால் ஊர் ஊராக நடந்தது. நோய் பிடித்த மந்தை என்று யாரும் கிடை போட விடவில்லை. மிச்ச ஆடுகளை வந்த விலைக்கு விற்றோம். அப்பா ஆலங்குளத்தில் சுண்ணாம்புக்கல் லோடு ஏற்றப் போனார். நடந்தே பழகிய மனிதர் ஒரே இடத்தில் ஆறு வருடம் இருந்து செத்துப்போனார். தம்பி கருப்பசாமி கூலிக்கு ஆடு மேய்க்கப் போனான். நான் சிவகாசியில் ஓட்டல் அடுப்படிக்குப் போனேன். அங்கிருந்து, மருத்துவம் படிக்கப் போகும் பிள்ளைகளுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்று இந்த ஊருக்குக் கூட்டிவந்தார்கள்.

இங்கே எனக்கு ஆட்டுக்கறி கொடுக்கிறவர் பக்கித். கோடையில் குடும்பத்தோடு ஜைலோவுக்கு, மலைமேல் இருக்கும் மேய்ச்சல் புல்வெளிக்குப் போய்விடுவார். வந்த புதிதில் அரைகுறை பாஷையில், என் அப்பாவும் மேய்ப்பர் என்று சொன்னேன். உங்கள் மேய்ச்சல் நிலம் எங்கே என்று கேட்டார். நிலம் இல்லை என்றேன். நிலமே இல்லாத நாடு என்று அவர் புரிந்துகொண்டு, அப்படியானால் கடலில் எப்படி ஆடு மேய்த்தீர்கள் என்று கவலையோடு கேட்டார். நான் விளக்கியபிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய தாத்தாவின் மந்தையை சோவியத் காலத்தில் கூட்டுப் பண்ணைக்கு எழுதி வாங்கிக்கொண்டு, நடந்து திரிந்தவர்களை வீடு கட்டி உட்கார வைத்தார்களாம். "எழுதத் தெரிந்தவன் வந்துவிட்டால் ஆடு போய்விடும்" என்றார். அன்றுமுதல் அவர் எனக்குச் சொந்தக்காரர்.

மூன்று வருடத்துக்கு முன்பு, மருத்துவம் படிக்க வந்த ஒரு பெண் மெஸ்ஸுக்குப் புதிதாகச் சாப்பிட வந்தாள். பெயர் யாழினி. "எந்த ஊரும்மா?" என்றேன். "அச்சங்குளம் பக்கம்ணே. தாத்தா பட்டாசு கம்பெனி வச்சிருக்காக" என்றாள். தாத்தா பெயரைக் கேட்டேன். சொன்னாள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியைச் சட்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சாப்பாட்டில் நான் ஒருநாளும் குறை வைத்ததில்லை. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தேன். ஆனால் பேத்தியைப் பார்க்க அவர் ஒருநாள் வருவார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருடம் காத்திருந்தேன். வெறுப்பும் அடுப்பு மாதிரிதான், தணித்து வைத்தால் அணையாது. அதை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

போன ஜூலையில் ராமசுப்பு வந்தார். எழுபது வயது. வெள்ளை வேட்டிமேல் பேத்தி வாங்கிக் கொடுத்த கம்பளிக் கோட்டு. என்னை அடையாளம் தெரியவில்லை. "நம்ம பக்கத்து ஆளு இங்கன இருக்கீகளே தம்பி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மலையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்றேன். பக்கித்தின் வண்டியிலேயே கணவாயைத் தாண்டி அவரையும் பேத்தியையும் கூட்டிப்போனேன்.

பக்கித்தின் கூடாரத்தில் விருந்து. வட்டமான கம்பளிக் கூடாரம், நடுவில் தரையில் விரித்த சாப்பாட்டுத் துணி. காயவைத்த தயிர் உருண்டையான குருத்தை யாழினி ஆசையாக எடுத்துக் கடித்தாள். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த குமிஸை ராமசுப்பு ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தார். பெஷ்பர்மாக் வந்தது, நூல்போல அரிந்த கறியும் மாவுப் பட்டைகளும். வயதில் மூத்த விருந்தாளிக்கு மரியாதை செய்ய, வெந்த ஆட்டுத்தலையை அவர் முன்னால் வைத்தார்கள். பக்கித் அவரிடம் கேட்டார், உங்கள் ஊரிலும் ஆடு உண்டா என்று. நான் மொழிபெயர்த்தேன்.

"வருசாவருசம் நம்ம புஞ்சையில கிடை போடுவாக. கீதாரிகளை நாங்க எம்புட்டு நல்லா வச்சிருந்தோம்னு சொல்லுங்க தம்பி" என்றார் ராமசுப்பு.

இந்த இடத்தில் என்ன சொல்ல வேண்டும் என்று மூன்று வருடமாக யோசித்து வைத்திருந்தேன். அதையெல்லாம் அவரே தேவையில்லாமல் ஆக்கிவிட்டார். நான் பக்கித்தின் பாஷையில் சொன்னேன்: "மேய்ப்பர்களை நன்றாக வைத்திருந்ததாகச் சொல்கிறார். என் அப்பாவின் அறுபத்திரண்டு ஆடுகளுக்கு விஷத் தண்ணீரைக் காட்டியது இவர்தான். நோயில் செத்தன என்று என் அப்பாவிடம் ரேகை வாங்கியதும் இவர்தான்."

பக்கித் தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். வைத்த தலையை எடுக்கவில்லை. விருந்தாளிக்கு வைத்ததை அவர்கள் எடுக்க மாட்டார்கள். அவர் மனைவி குல்னாரா தேநீர்க் கிண்ணத்தை எடுத்து, விளிம்பு வரை ஊற்றி ராமசுப்பு முன்னால் வைத்தாள்.

"பாருங்க, நிறைய ஊத்துறாக. நல்ல மனசு" என்றார் அவர்.

இந்த நாட்டில் விருந்தாளிக்குக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். மறுபடி மறுபடி ஊற்றலாம், அதுவரை அவர் உட்கார்ந்திருப்பார் என்று அர்த்தம். விளிம்பு வரை ஊற்றினால், குடித்துவிட்டு எழுந்து போ என்று அர்த்தம். மூன்று வருடம் இங்கே இருந்த யாழினிக்கு அது தெரியும். கையில் இருந்த குருத்தைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அவங்ககிட்ட என்ன சொன்னீக?"

தமிழில் சொன்னேன். ஒரு வரி கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடித்துவிட்டு, "நான் முத்துக்காளை கீதாரி மகன்" என்றேன்.

ராமசுப்பு என் முகத்தையே பார்த்தார். "நோய்லதான் செத்துச்சு. உங்க அப்பன் கைநாட்டு வச்சுக் குடுத்த காயிதம் எங்கிட்ட இருக்கு."

"எங்கப்பாவுக்கு எழுதத் தெரியாது. அந்தக் காயிதத்த எழுதுனது யாரு?"

யாழினி கேட்டாள், மெதுவாக: "தாத்தா, அந்தப் பள்ளத்துல என்னத்தக் கொட்டுனீக?"

"மருந்து கலந்த பாத்திரத்தக் கழுவுன தண்ணி" என்றார். "பச்சை வெளிச்சத்துக்குப் போடுற மருந்து. தண்ணி காட்டுனப்ப எனக்கு நெனப்பு இல்ல தாயி. பெறகுதான்..."

பிறகுதான் தெரிந்ததாம். தெரிந்தபிறகும் அந்தத் தாளை எழுத வைத்தார். அது போதும் எனக்கு. நான் வீட்டிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்த தாளைப் பையிலிருந்து எடுத்தேன். "ஆடுகள் நோயில் சாகவில்லை. என் கம்பெனித் தண்ணீர் குடித்துச் செத்தன. நான் காட்டிய தண்ணீர்." மூன்றே வரி. அவர் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்தார். வேண்டாம் என்றேன். அடுப்பில் இருந்த கெட்டிலின் அடிக்கரியைக் காட்டினேன்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் தம்பி" என்றார்.

"தெரியும்ங்க. பெருவிரல வைங்க. வண்டி பக்கித்துது. காயிதம் இல்லாம கிளம்பாது."

வைத்தார். பேத்தி "வைங்க தாத்தா" என்று சொன்னபிறகு வைத்தார். வயதான விரல் கறுப்பாகப் பதிந்தது. அப்பாவின் விரலும் அப்படித்தான் பதிந்தது. இரண்டையும் பார்த்தவன் நான் ஒருவன்தான். இறங்கும்போது கணவாயில் மழை பெய்தது. எனக்குப் பசித்தது. வெகுநாளுக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

தாளைப் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். கூலிக்கு மேய்த்து மேய்த்து, இப்போது அவனுக்கென்று சின்ன மந்தை ஒன்று இருக்கிறது. சாத்தூர் பக்கம் கிடையில் இருந்தான். யாரையோ வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம், "அந்த ஆளு சாப்பிட்டு முடிச்சாரா?" என்று கேட்டான். இல்லை என்றேன். "அப்பா இருந்திருந்தாகன்னா சாப்பிட்டு முடிக்கட்டும்னு இருந்திருப்பாகண்ணே" என்றான். எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்துவிட்டேன். அப்பா அப்படி இருந்ததால்தானே அந்த விரலைப் பிடிக்க முடிந்தது.

ராமசுப்பு ஊருக்குப் போய், தன்னை மலையில் பிடித்துவைத்து மிரட்டி நான் ரேகை வாங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அதுவும் உண்மைதான். நான் ஊருக்கு வந்தால் போலீசில் சொல்வாராம். யாழினி இப்போதும் மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறாள். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைக்கிறாள். அண்ணே என்று கூப்பிடுவதில்லை. அந்த ஒன்று மட்டும் வலிக்கிறது. மற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. திரும்ப அதே கூடாரம் கிடைத்தால் அதே தாளை எடுப்பேன்.

இந்த இலையுதிர் காலத்தில் பக்கித் எனக்கு ஐந்து பெட்டை ஆடுகளைக் கொடுத்து, தன் மந்தையோடு மேயட்டும் என்றார். கொழுத்த வால் உள்ள ஆடுகள், எங்கள் ஊர் ஆட்டைப்போல இரண்டு மடங்கு. இடது காதில் அப்பா போடும் வெட்டை நானே போட்டேன். பிறகு புல்வெளியில் நின்று, அப்பா ஆடுகளைக் கூப்பிடுவதுபோல நாக்கை மடக்கிக் குரல் கொடுத்தேன். ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. அந்த நேரம் தம்பி போனில் இருந்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்; அவனும் தன் ஆடுகளை அப்பாவைப் போலத்தான் கூப்பிடுவான். அந்தப் பக்கம் சாத்தூர் கரிசலில் ஆடுகள் கத்தும் சத்தம் கேட்டது.

"என்னண்ணே செஞ்ச?" என்றான். "இங்கன அம்புட்டும் எந்திரிச்சு நிக்குது."